லான்சர் 2007: ஃபிளஷ் செய்து மூன்றே வாரத்தில் மறுபடியும் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறம்

ஜூரோங்_லான்சர் | சனி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2007 லான்சர் 1.6, ஆட்டோ கியர், ஓடியது 2 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். 2017இல் சிஓஇ-யை (சிங்கப்பூரில் வண்டி வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய அனுமதி) பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். சாலை வரிக்கு மேல் 50 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறேன், இன்ஸ்பெக்‌ஷனும் இப்போது வருடா வருடம். 2027 வரை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும், புதிய சிஓஇ இருக்கிற விலையில் வேறு வண்டியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பிரச்சினை இதுதான். போன மாதம் ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் பழுப்பாக இருந்ததால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "கூலிங் சிஸ்டம் ஃபிளஷ்" என்று 120 வெள்ளி வாங்கி, பச்சை கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்றே வாரம். இன்று காலை டப்பாவைப் பார்த்தால் பச்சை போய் தே-ஓ மாதிரி இருக்கிறது. அதோடு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் முக்கால்வாசிக்கு ஏறுகிறது, ஏர்கானும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. மலேசிய ஹைவேயில் ஏறிவிட்டால் முள் கால்வாசிக்கு இறங்கி அங்கேயே கிடக்கிறது. இது ஃபிளஷுக்கு முன்பும் இப்படித்தான், பின்பும் இப்படித்தான்.

பலமான ரசாயனம் போட்டு இன்னொரு முறை கழுவலாமா? அல்லது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்களே, அதைச் செய்வதா?

சும்மா_தண்ணி | சனி, இரவு 11.05

கூலண்ட் எல்லாம் பனி பெய்கிற ஊருக்கு. நம் ஊரில் என்ன உறையப் போகிறது? நான் இருபது வருடமாகக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. அந்த 120 வெள்ளிக்கு தேக்காவில் குடும்பத்தோடு நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம்.

துவாஸ்_லாரி | ஞாயிறு, காலை 6.15

தண்ணி அண்ணே, எங்கள் ஊரில் (புதுக்கோட்டை பக்கம்) டிராக்டருக்கு போர் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி வெள்ளையாக உப்பு ஏறியிருக்கும், குச்சி விட்டால் கூட உள்ளே போகாது. சிங்கப்பூர்த் தண்ணீர் அவ்வளவு மோசமில்லைதான். ஆனால் நான் இங்கே ஓட்டுகிற 14 அடி லாரியிலும் முன்னால் இருந்தவர் தண்ணீர் மட்டும் ஊற்றி வைத்திருந்தார், வாட்டர் பம்பைக் கழற்றியபோது இறக்கைகள் அரித்துப் போய்ப் பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தன.

லான்சர் அண்ணே, ஒன்று மட்டும் சொல்கிறேன். வரிசையில் முள் ஏறும்போது அவசரப்பட்டு மூடியைத் திறந்துவிடாதீர்கள். துவாஸில் ஒருநாள் முதலாளி போனில் "தண்ணீர் ஊற்று, ஊற்று" என்று கத்த, நான் துணியை வைத்து மூடியைத் திருகினேன், முழங்கை வரை வெந்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. கை வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்ற பிறகுதான் மூடி.

ஈசூன்_டீச்சர் | ஞாயிறு, காலை 9.30

உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், பழைய வண்டி ஓட்டுகிறவளும் கூட. அதனால் "உறையாத ஊருக்கு எதற்கு" என்பதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்ணி அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி, கிளைக்கால் (கூலண்டில் இருக்கிற, உறையாமல் காக்கும் திரவம்) கலந்த தண்ணீர் கொஞ்சம் குறைவாகத்தான் சுமக்கும். ஆனால் நம் ஊரில் கூலண்ட் வாங்குவது உள்ளே கலந்திருக்கிற அரிப்புத் தடுப்பானுக்காக. இன்ஜினின் இரும்பு பிளாக், அதன் மேல் உட்கார்ந்திருக்கிற அலுமினிய ஹெட், அலுமினிய ரேடியேட்டர் எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறுகின்றன. இரண்டு வேறு உலோகங்களை ஒரு மின்கடத்தும் திரவத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது நான் வகுப்பில் எடுக்கிற பாடம்.

கூலண்ட் பழசாகும்போது தடுப்பான் தீர்ந்துபோகும், கிளைக்காலும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலமாக மாறும். புதிய கூலண்ட் கொஞ்சம் காரமானது (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்). அது அமிலப் பக்கம் சாய்ந்துவிட்டால் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும். உங்கள் தே-ஓ அந்தத் துருதான். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. ஜப்பான் வண்டிகளுக்கான கூலண்டில் தடுப்பானாகப் பொதுவாகப் பாஸ்பேட் இருக்கும், சிலிக்கேட் இருக்காது. நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கூழ் மாதிரி ஆகிவிடும்.

சும்மா_தண்ணி | ஞாயிறு, காலை 9.52

டீச்சர் அம்மா, "கெட்டி" என்று சொன்னீர்களே, அது போதும் எனக்கு.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு, பிற்பகல் 2.20

தம்பி, நான் 31 வருடம் பஸ், லாரி, டாக்சி எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டு இப்போது வீட்டில் பேரனோடு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரே நோய் என்று நினைப்பது மூன்று நோய், அதில் ஒன்றுக்குத்தான் ஃபிளஷ் மருந்து. பலமான ரசாயனம் எதையும் இப்போது வாங்காதீர்கள்.

வரிசையில் நின்றால் சூடு, வேகமாகப் போனால் குளிர்ச்சி என்கிறீர்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும். ஹைவேயில், அதுவும் ஏற்றத்தில், இன்ஜின் நிறையச் சூட்டைத் தள்ளும்போதுதான் அடைப்பு தன் வேலையைக் காட்டும். நிற்கும்போது மட்டும் சூடு என்றால் காற்று போகவில்லை என்று அர்த்தம். அதோடு ஏர்கானும் வெதுவெதுப்பாகிறது, அதன் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் நிற்கிறது, அதுக்கும் அதே காற்றுதான். ஃபேனைப் பாருங்கள். உங்கள் வண்டியில் இரண்டு இருக்கும். ஏர்கானைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து இரண்டும் சுற்றுகின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள், விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

இரண்டாவது, ஹைவேயில் முள் கால்வாசியில் கிடப்பது. இதை நீங்கள் நல்ல செய்தி என்று நினைக்கிறீர்கள். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் அடைக்கிற வால்வு) இருக்கிற வண்டி அப்படிக் குளிர்ந்து கிடக்காது. யாரோ அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், அல்லது அது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. சூடாகிறது என்று வண்டி வந்தால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கம், நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன், மறைக்க மாட்டேன்.

பழுப்புத் தண்ணீர் மூன்றாவது. அதற்கு முன் ஒரு கேள்வி: அந்த ஒர்க்‌ஷாப்பில் கீழே இருக்கிற குழாயை மட்டும் திறந்து விட்டு நிரப்பினார்களா, பலமுறை கழுவினார்களா? எத்தனை லிட்டர் கூலண்ட், எந்த மாதிரி டப்பா? பில்லில் இருக்கும்.

ஜூரோங்_லான்சர் | ஞாயிறு, இரவு 8.10

அண்ணே, உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டீர்களே. ஏர்கானைப் போட்டுப் பார்த்தேன், ஓட்டுநர் பக்கம் ஒரு ஃபேன்தான் சுற்றுகிறது, மற்றது அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு மெத்தையே இருக்கிறது, எங்கள் புளோக்கைச் சுற்றி ஆங்சானா மரங்கள், அதன் காய்ந்த பூவும் இலையும் அப்படியே அப்பியிருக்கின்றன.

பில்லில் "கூலண்ட் 4 லிட்டர், 1 டப்பா" என்று இருக்கிறது. பெயரைத் தேடிப் பார்த்தேன், தண்ணீர் கலந்தே வரும் 50-50 வகை. நான் அங்கே காத்திருந்தது முக்கால் மணி நேரம்தான்.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு, இரவு 9.00

முக்கால் மணி நேரத்தில் இன்ஜின் ஆறக்கூட ஆறாது தம்பி.

கணக்கு போடுவோம். மொத்தம் 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் அடியில் இருக்கிற குழாயைத் திறந்தால் பாதி, அதாவது 3 லிட்டர்தான் வெளியே வரும். மற்ற பாதி பிளாக்கிலும் ஹோஸ்களிலும் நின்றுவிடும். ஒருமுறை தண்ணீர் நிரப்பி ஓட்டி இறக்கினால் பழையது 25 விழுக்காடு மிச்சம், அடுத்த முறை 12 சொச்சம், அதற்கடுத்து 6. அழுக்கும் அதே கணக்கில்தான் குறையும். ஒரே ஒருமுறை இறக்கி நிரப்புவதற்கு ஃபிளஷ் என்று பெயர் வைத்தால் நான் என்ன சொல்வது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறவர்கள் கூட இதில் விழுகிறார்கள். மூன்று நான்கு முறை கழுவி, இறக்குகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது என்று வையுங்கள். பிளாக்கில் இப்போது 3 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் தலையில் கலந்து வரும் 50-50 கூலண்டை 3 லிட்டர் ஊற்றினால் என்ன கிடைக்கும்? கால்வாசிதான். நீங்கள் முழு பலம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கழுவிய வண்டிக்குக் கலக்காத கூலண்டைத்தான் ஊற்ற வேண்டும், மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 3 லிட்டர். முதலில் அது முழுக்க உள்ளே போகட்டும், மேலே இடம் இருந்தால் பேட்டரிக் கடைத் தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர்).

ஈசூன்_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.25

அண்ணன் சொன்னதை அளந்தே பார்க்கலாம். கூலண்டுக்கான ரிஃபிராக்டோமீட்டர் ஆன்லைனில் 20 வெள்ளி அளவுக்குக் கிடைக்கிறது. இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எந்த வெப்பநிலையில் உறையும் என்று காட்டும். ஈசூனில் நின்றுகொண்டு மைனஸ் 37 என்று படிப்பது எனக்கே சிரிப்பாக இருக்கும், ஆனால் எத்தியிலீன் கிளைக்கால் சரிபாதி இருந்தால் அந்த எண்தான் வரும். கால்வாசி என்றால் மைனஸ் 12 பக்கம். மீன் தொட்டிக்கான உப்பு அளக்கும் மீட்டரை வாங்கிவிடாதீர்கள், அது வேறு.

ஜூரோங்_லான்சர் | புதன், இரவு 10.15

மீட்டர் வந்துவிட்டது. என் வண்டி மைனஸ் 16. மனைவி "எங்கே போகப் போகிறோம், சைபீரியாவா?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நானே கழுவலாம் என்று இருக்கிறேன். சிட்ரிக் அமிலம் போடலாமா? அப்புறம், எங்கள் புளோக் கார்பார்க்கின் மேல்தளத்தில் கூட்டமே இருக்காது, அங்கே செய்தால் என்ன?

துவாஸ்_லாரி | புதன், இரவு 10.40

கார்பார்க் வேண்டாம் அண்ணே. அங்கே பழுது பார்க்கக் கூடாது, யாராவது படம் எடுத்துப் போட்டால் வம்பு. மழைநீர் கால்வாயில் விட்டாலும் அது சுற்றி நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது, நாம் குடிக்கிற தண்ணீர்.

ஈசூன்_டீச்சர் | வியாழன், காலை 6.50

கால்வாயோடு பூனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தியிலீன் கிளைக்கால் இனிக்கும், அதோடு கொடிய நஞ்சு, ஒரு தேக்கரண்டி அளவே ஒரு பூனைக்குப் போதும். ஒவ்வொரு புளோக் கீழும் நாலு பூனை இருக்கிற ஊர் இது. வாளியில் பிடித்து, மூடி போட்ட கேனில் ஊற்றி, கழிவை எடுத்துக்கொள்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

சிட்ரிக் அமிலம்: துருவைப் பிடித்துக் கரைக்கும், உண்மை. ஆறு லிட்டருக்கு 150 கிராம் போல, இரண்டரை விழுக்காடு. அலுமினியத்தையும் மெல்லக் கடிக்கும் என்பதால் இன்ஜின் சூடானபின் அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்காதீர்கள், பிறகு பலமுறை நல்ல தண்ணீர். கழிவறை கழுவுகிற அமிலத்தை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், அது ஹைட்ரோகுளோரிக், அலுமினியத்தைத் தின்றுவிடும். சமையல் சோடா போட்டு அமிலத்தை முறிக்க நினைப்பவர்கள் முதலில் அமிலத்தை இறக்கிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் வடிக்கிற நேரத்தில் பொங்கும் சோற்றுப் பானை கதைதான்.

பழைய_ஸ்பானர் | வியாழன், காலை 11.30

டீச்சர் அளவு சரியாகச் சொன்னார். ஆனால் என் கருத்து வேறு. சேறு மாதிரி கட்டியாக வந்தால் ஒழிய அமிலம் வேண்டாம். 18 வருட ரேடியேட்டர், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி, நடுவில் ரப்பர் சீல். சில இடங்களில் அந்தத் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். அமிலம் அதைக் கரைத்தால் மறுநாள் ஒழுகும், "ஃபிளஷ் செய்துதான் கெட்டுப்போச்சு" என்று ஆளைத் திட்டுவீர்கள். வெறும் தண்ணீர், பொறுமை, ஐந்து முறை. ஒழுகல் அடைக்கும் பொடி விற்பார்கள், அதுவும் வேண்டாம், ஓட்டை எது வழி எது என்று அதற்குத் தெரியாது.

காக்கி புக்கிட் பக்கம் எனக்குத் தெரிந்த சீன அங்கிள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு இடம் தருவார், கழிவும் எடுத்துக்கொள்வார். தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். வரும்போது வாங்கி வர வேண்டியவை: தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், ரேடியேட்டர் மூடி (பழைய மூடியில் அச்சடித்திருக்கிற அதே அழுத்தம், 1.1 என்றால் 1.1, கூட்டிப் போடாதே), கலக்காத கூலண்ட் 4 லிட்டர், டிஸ்டில்ட் வாட்டர் 10 லிட்டர். மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். 1.1 அழுத்தத்தில் தண்ணீரே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது, மூடி தளர்ந்தால் 100 தாண்டியதுமே பொங்கிவிடும்.

பிளாக்கிலும் ஒரு டிரெய்ன் பிளக் (தண்ணீரை வடிக்கிற திருகு) இருக்கும். சுலபமாகத் திரும்பினால் திறங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், இத்தனை வருடம் தொடாத பிளக்கை உடைத்துக்கொண்டு நிற்பதைவிட இரண்டு முறை கூடுதலாகக் கழுவலாம்.

சும்மா_தண்ணி | வியாழன், மதியம் 12.10

கடைசியில் எல்லாரும் வெறும் தண்ணீருக்கே வந்து சேர்ந்தீர்கள் பார்த்தீர்களா.

ஜூரோங்_லான்சர் | ஞாயிறு, இரவு 9.45

முடிந்தது, முதுகும் முடிந்தது. காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை 4 மணி.

முதலில் வெளிப்பக்கம். மேல் பிடிப்பைக் கழற்றி ரேடியேட்டரைப் பின்னால் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் அடித்தோம். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஆங்சானா. பிரஷர் வாஷர் எடுக்கப் போனேன், அங்கிள் கையில் தட்டினார், அந்தத் தகடுகள் காகிதம் மாதிரி மடங்கிவிடுமாம். ஓடாத ஃபேனுக்கு நேராக பேட்டரி மின்சாரம் கொடுத்தால் சுற்றியது, கோளாறு ரிலேயில் (ஃபேனுக்கு மின்சாரம் விடுகிற சுவிட்ச்). செகண்ட் ஹேண்ட் ரிலே ஒன்று 18 வெள்ளி.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டைத் திறந்தால், அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே காலி. உள்ளே ஒன்றும் இல்லை. எந்தக் காலத்தில் யார் எடுத்தார்களோ. ஹைவேயில் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று நான் ஸ்பார்க் பிளக்கெல்லாம் மாற்றியிருக்கிறேன். அது இல்லாததால் கழுவுவது சுலபமாகப் போனது, கீழ் ஹோஸ் வழியாகத் தண்ணீர் விட்டு மேல் வழியாகத் தள்ளினோம், அதாவது தலைகீழாக, முதல் வாளி முழுக்கப் பழுப்பு, அடியில் மணல் மாதிரி துரு. ஐந்தாவது வாளியில் அங்கிளின் தினசரித்தாளை வாளிக்கு அடியில் வைத்துப் படிக்க முடிந்தது. கடைசி இரண்டு முறை டிஸ்டில்ட் வாட்டர். பிளாக் பிளக் அசையவில்லை, விட்டுவிட்டோம். அமிலம் போடவில்லை.

புதிய தெர்மோஸ்டாட்டை முந்தின நாளே வீட்டில் வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், 82 என்று அச்சடித்திருந்தது, 83 பக்கம் திறக்க ஆரம்பித்தது. ரசம் வைக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்தியதற்கு வீட்டில் தனி விசாரணை நடந்தது. மாட்டும்போது ஆடுகிற சின்ன ஊசி மேல்பக்கம் வர வேண்டும் என்று அங்கிள் சொன்னார், சிக்கிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறுமாம்.

கடைசியாக இறக்கியதை அளந்தேன், 2.9 லிட்டர். அதே அளவு கலக்காத கூலண்ட். வண்டியின் மூக்கைச் சரிவில் மேலே தூக்கி நிறுத்தி, மூடி இல்லாமல் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை எடுத்தோம். இரண்டு முறை ஃபேன் ஓடி நின்றது. ஆறிய பிறகு இன்னும் கால் லிட்டர் இழுத்துக்கொண்டது. மீட்டரில் மைனஸ் 35.

ஈசூன்_டீச்சர் | ஞாயிறு, இரவு 10.02

35! முழு மதிப்பெண். ஆறு மாதம் கழித்து ஒரு சொட்டு எடுத்து நிறத்தைப் பாருங்கள், லேசாகப் பழுத்தால் பயப்பட வேண்டாம், மூலைகளில் மிச்சமிருந்த துரு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும்.

துவாஸ்_லாரி | திங்கள், காலை 5.50

அருமை அண்ணே. என் லாரி டீசல், அதற்கும் இதே கூலண்ட் ஊற்றலாமா?

பழைய_ஸ்பானர் | திங்கள், காலை 9.15

லாரித் தம்பி, கையேட்டில் எந்த வகை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பெரிய டீசல்களில் சிலிண்டர் லைனரே (பிஸ்டன் ஓடுகிற இரும்புக் குழல்) நேராகத் தண்ணீரில் நிற்கும், அது அதிர்கிற அதிர்வில் சுற்றிலும் குமிழ் வெடித்து வெடித்து இரும்பில் ஊசி ஊசியாகக் குழி விழும். அதைத் தடுக்கிற மருந்து கலந்த டீசல் கூலண்ட் தனியாக வருகிறது. கார் கூலண்டில் அது இருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஜூரோங்_லான்சர் | மறு ஞாயிறு, இரவு 11.20

நேற்று மாச்சாப் ஓய்விடம் வரை குடும்பத்தோடு போய் வந்தேன். ஓபிடி ரீடர் (வண்டியின் கணினியிலிருந்து இன்ஜின் சூட்டை எண்ணாகக் காட்டுகிற கருவி) ஒன்றை மாட்டியிருந்தேன், ஏனென்றால் அந்த முள்ளை இனி நம்புவதாக இல்லை. ஹைவேயில் 86இலிருந்து 89. திரும்பும்போது காஸ்வேயில் ஒன்றரை மணி நேர வரிசை, ஏர்கான் போட்டபடி, அதிகபட்சம் 97, ஃபேன் ஓடியதும் 92. ஏர்கான் குளிர்ந்தே இருந்தது, பின்னால் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் அண்ணே. இன்று காலை வண்டிக்கு அடியில் பெல்ட் பக்கம் பத்து காசு அளவுக்கு ஒரு ஈரம், தொட்டால் வழுவழுப்பு. வாட்டர் பம்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை வழியாக வருகிற மாதிரி தெரிகிறது. ஃபிளஷ் செய்ததால் வந்ததா?

பழைய_ஸ்பானர் | திங்கள், காலை 8.40

அந்த ஓட்டை அதற்காகவே வைத்தது தம்பி. பம்பின் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குத் தகவல் சொல்லும். துரு அடைத்து வைத்திருந்ததைக் கழுவிவிட்டோம், அவ்வளவுதான், சீல் முன்பே போனது. ஒரு அட்டையைக் கீழே விரித்து இரண்டு வாரம் பாருங்கள், ரிசர்வ் டப்பாவில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வட்டம் பெரிதானால் பம்ப், அப்போது டைமிங் பெல்ட்டும் சேர்த்து. பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

ஜூரோங்_லான்சர் | திங்கள், காலை 8.55

…பில்லைத் தேடுகிறேன் அண்ணே.